பின்னால் வரும் வண்டி

வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஏழு ஸ்போர்ட்ஸ் கார்கள். அவற்றில் ஏறி ஆல்ப்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைக் கடந்துவரத் திட்டமிடும் பன்னிரண்டு பேர். அவர்கள் விரித்துவைத்த வரைபடத்தின் ஓரத்தில், கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு தமிழ்க் குரு. இவர்களுள் கடைசியாகச் சொன்னவருக்கு அங்கே என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்பது நியாயமே. நம் நாட்டுக் குருக்கள் சிலர் கோடை மாதங்களில் ஜெர்மன் நாட்டுப் பங்குகளுக்குச் சென்று, விடுமுறையில் இருக்கும் அங்குள்ள பங்குத்தந்தையின் பணியைச் சில வாரங்கள் ஏற்று நடத்துவது பலரும் அறிந்த செய்தி. 1414ஆம் ஆண்டில் தொடங்கிய பொதுச்சங்கத்தால் திருச்சபை வரலாற்றில் பெயர்பெற்ற கான்ஸ்டன்ஸ் ஏரியின் வடகரைப் பங்கு ஒன்றில் நாமும் அவ்வாறு சில கோடைகளைக் கழித்தோம்.

அந்தப் பங்கில் இத்தகைய கார்களின் மீது பற்றுடையோர் ஒரு குழுவாய் இருந்தனர். பல் மருத்துவர் ஒருவர், ரொட்டிக்கடை நடத்தும் அம்மையார் ஒருவர், இயந்திரப் பொறியாளர் ஒருவர், கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற 77 வயதுப் பெரியவர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை முடிவதற்குள், நான்கு நாள் மலைப்பயணம் செல்வது அவர்கள் வழக்கம். 2019ஆம் ஆண்டில் அதைத் திட்டமிடப் பங்கு இல்லத்தின் கூடத்தைக் கேட்டார்கள். வரைபடத்தை முழுதாய் விரிக்கத்தக்க மேசை அங்கேதான் இருந்தது. பயணத்தின் நடுவில் ஞாயிறு வருவதால் திருப்பலிக்கு என்ன செய்வது என்ற வினாவும் இருந்தது. ஆகஸ்ட் இறுதிக்குள் பங்குத்தந்தை திரும்பிவிடுவார் என்பதால், நம்மையும் உடன்வருமாறு அழைத்தார்கள். பொறியாளரின் காரில் நமக்கு ஓர் இருக்கை என்று முடிவாகியிருந்தது.

அந்தக் கார்களுள் ஒன்றின் விலையில் நம் கிளைக்கிராமங்கள் இரண்டில் சிற்றாலயம் எழுப்பலாமே என்ற கணக்கு முதல் நாள் நம் மனத்தில் ஓடாமல் இல்லை. 2017ஆம் ஆண்டில் லம்போர்கினி நிறுவனத்தார் அன்பளிப்பாய்த் தந்த காரைத் திருத்தந்தை பிரான்சிஸ் என்ன செய்தார் என்பது நினைவிருக்கலாம். அதன் முன்மூடியில் கையொப்பமிட்டார். அதில் ஏறாமல் ஏலத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அது 7 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவர்களை மீளக் குடியமர்த்துவது உள்ளிட்ட பணிகளுக்கு அத்தொகை ஒதுக்கப்பட்டது. அது ஒரு வழி. ஆனால், விளையாட்டையே ஒழித்துவிட்ட வாழ்வு புனிதமானது என்று திருச்சபை ஒருநாளும் கற்பித்ததில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் விளையாட்டுக்கென்றே ஒரு நற்பண்பை வகுத்து, அதில் மிகுதி குற்றமாவது போல் குறைவும் குற்றமே என்கிறார். எப்போதும் நாணேற்றியபடியே இருக்கும் வில் முறிந்துபோகும் என்று திருத்தூதர் யோவான் விளக்கியதாகச் சொல்லப்படும் பழைய கதையையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார். குருமட நாட்களில் அந்நூலின் இலத்தீன் பெயரிலுள்ள ‘சும்மா’ என்ற சொல்லை வைத்து நாம் செய்யாத வேடிக்கை இல்லை. அந்தச் ‘சும்மா’வுக்குள் விளையாட்டுக்கும் இடம் உண்டு என்பதை அப்போது நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

வரைபடத்தின் மேல் பொறியாளர் ஒரு தாளை வைத்தார். நான்கு நாட்களில் எட்டுக் கணவாய்கள். ஒபரால்ப் 2044 மீட்டர், சுஸ்டன் 2224, கிரிம்சல் 2164, ஃபுர்க்கா 2429, நூஃபனன் 2478, பெரிய புனித பெர்நார்து 2469, சிம்ப்ளோன் 2005, இவற்றோடு இத்தாலியின் ஸ்டெல்வியோ 2757. கணவாய் என்றால் மலைக்கு நடுவே ஓர் இடைவெளி என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். இவையோ நம் தொட்டபெட்டாச் சிகரத்தோடு ஒப்பிடத்தக்க உயரத்தில் நிற்கும் இடைவெளிகள்! ஸ்டெல்வியோவின் வடக்குச் சரிவில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820களின் முற்பாதியில் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ தொனேகானி என்னும் பொறியாளர் அமைத்த சாலை அது. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் நம் கொல்லிமலைக்கு 70 உண்டு என்று நாம் சொன்னபோது, பல் மருத்துவர் எழுதுகோலை எடுத்து அதன் பெயரைக் குறித்துக்கொண்டார்.

ஒவ்வொரு கணவாய்க்கும் அவர்களிடம் ஒரு கதை இருந்தது. ஃபுர்க்காவில் 1964ஆம் ஆண்டின் ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்காக ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் ஓடியது. பெரிய புனித பெர்நார்து கணவாயில் 1969ஆம் ஆண்டின் ‘தி இத்தாலியன் ஜாப்’ படத்தின் தொடக்கக் காட்சியில் லம்போர்கினி மியூரா ஒன்று பாடலோடு வளைந்து வளைந்து ஏறியது. அக்காட்சி ஒரு சுரங்க வழியில் அந்தக் கார் நொறுங்குவதில் முடிகிறது என்பதை ரொட்டிக்கடை அம்மையார்தான் நினைவூட்டினார்.

திட்டமிடுதல் என்பது தேதியையும் விடுதியையும் குறிப்பதுதான் என்று எண்ணியிருந்த நமக்கு, அடுத்த இரண்டு மாலைகள் ஒரு வகுப்பாகவே அமைந்தன. உயர்ந்த கணவாய்ச் சாலைகள் ஆண்டில் பாதிக்கு மேல் பனியில் புதைந்து கிடப்பவை. பெரிய புனித பெர்நார்து கணவாய் பொதுவாக ஜூன் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் நடுவில் மூடப்படும். கோடையிலும் ஒரே இரவில் பனி விழலாம். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது; ஃபுர்க்காவின் உச்சியில், காற்றைத் தானே உறிஞ்சும் சாதாரண இயந்திரம் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு இடர் இன்னும் கூடுதல். காற்று குறைந்த இடத்திலும் அது பெட்ரோலை முன்போலவே ஊற்றும். வண்டி கரும்புகை விட்டுத் திணறும்.

ஏறுவதைவிட இறங்குவதற்கே அவர்கள் அஞ்சினார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டுகள் சென்றால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தபடி வந்தால் அது கொதித்து ஆவியாகும். அப்புறம் மிதி வெறுமனே உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆதலால் புறப்படுமுன் ஏழு வண்டிகளிலும் ஆயிலை மாற்றியாக வேண்டும் என்பது பொறியாளரின் கட்டளை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்ற விதியையும் சொன்னார். நம் மலைப்பாதைகளில் பேருந்து ஓட்டுவோர் நன்கறிந்த விதிதான் அது.

இன்னொரு விதி நம்மைப் பெரிதும் கவர்ந்தது. சுவிட்சர்லாந்தின் குறுகிய மலைச்சாலையில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்து விலக இடமில்லையானால், பொதுவாக இறங்கி வருகிறவரே பின்வாங்கி வழிவிட வேண்டும், ஏறுகிறவருக்கே முன்னுரிமை. மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகளுக்கோ எல்லாரும் வழிவிட வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த சாலைகளில் அந்தப் பேருந்தின் ஓட்டுநர் சொல்வதே சட்டம். குருட்டு வளைவுக்கு முன் அவர் எழுப்பும் மூன்று சுர ஒலி, ரொஸ்ஸீனியின் ‘வில்லியம் டெல்’ இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுக்கப்பட்டதாம். சாலை விதியிலும் இசையை வைத்த மக்கள்!

விவேகம் என்னும் நற்பண்பின் உறுப்புகளை அக்குவினாஸ் எண்ணிக் காட்டும்போது, வருவதை முன்னறிந்து ஒழுங்குசெய்வதையே அவற்றுள் தலையாயதாக வைக்கிறார். இறைவனின் பராமரிப்பைக் குறிக்க இலத்தீனில் எந்தச் சொல் உண்டோ அதே சொல்லைத்தான் அதற்கும் ஆள்கிறார். ஆனால், நாளைக்கு இன்ன ஊருக்குப் போவோம் என்று உறுதியாய்ப் பேசுகிறவர்களைப் புனித யாக்கோபின் திருமுகம் கடிந்துகொள்கிறதே என்று ஒருவர் கேட்டார். திட்டமிடுவதை அத்திருமுகம் கடியவில்லை, ஆண்டவரின் திருவுளத்தை மறந்து திட்டமிடுவதைத்தான் கடிகிறது என்றோம். “பனி விழுந்தால் ஆண்டவரின் திருவுளம், பிரேக் ஆயிலை மாற்றாவிட்டால் நம் குற்றம்” என்றார் பல் மருத்துவர். குருமடத்தில் அதைவிடத் தெளிவாய் யாரும் விளக்கியதில்லை.

மூன்றாம் மாலையில்தான் சிக்கல் எழுந்தது.

கடிகாரப் பெரியவரின் வண்டி 1967ஆம் ஆண்டின் எம்.ஜி.பி.; மேற்கூரையை மடக்கித் திறக்கும் இரண்டு இருக்கைக் கார். அதன் 95 குதிரைத்திறனைப் போல நான்கு மடங்கு திறனுடையது பல் மருத்துவரின் போர்ஷ 911. மலையேற்றத்தில் மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு இவருக்கு ஒன்றேமுக்கால் மணி வேண்டும். எட்டுக் கணவாய்த் திட்டத்தில் அந்த முக்கால் மணிக்கு இடமில்லை.

பொறியாளர் பண்பாகவே பேசினார். “ஐயா, ஃபுர்க்காவுக்குக் கீழே 1982 முதல் ரயில் சுரங்கம் இருக்கிறதல்லவா? ரியால்ப் ஊரில் காரை ரயிலில் ஏற்றிவிட்டால் 15 கிலோமீட்டர் அப்பால் ஓபர்வால்டில் இறங்கிவிடலாம். நீங்கள் அதில் வாருங்கள். நாங்கள் மேலே ஏறி இறங்கி, அங்கே உங்களோடு சேர்ந்துகொள்கிறோம். பெரிய புனித பெர்நார்திலும் 1964 முதல் சுரங்கச் சாலை இருக்கிறது.” அதில் இழிவு ஏதும் இல்லை. காரணமும் இருந்தது: மெதுவாய்ச் செல்லும் ஒரு வண்டிக்குப் பின்னால் பொறுமையிழந்து, வளைவில் முந்தப் போனவர் எதிர்வண்டியில் மோதியதைத் தம் கண்ணால் கண்டவர் அவர். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “அதுவும் சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

நமக்கு ஒரு செய்தி தெரியும். முந்தைய ஆண்டு, 2018ஆம் ஆண்டுக் கோடையில், அவருடைய மனைவியை அடக்கம் செய்தவர் நாமே. அடக்கச் சடங்குக்கு முன்னாள் அவர் வீட்டுச் சமையலறையில் அமர்ந்து பேசியபோது ஒரு நிழற்படத்தைக் காட்டினார். 1969ஆம் ஆண்டு, திருமணம் முடிந்த இரண்டாம் வாரம், அதே கார், ஃபுர்க்காச் சாலையோரத்தில் தலைத்துணி காற்றில் பறக்க, காரின் முன்மூடிமேல் அமர்ந்து சிரிக்கும் இளம்பெண். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருமுறை அந்த வழியே சேர்ந்து போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்களாம்.

இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று; மறைக்கவேண்டிய சட்டம் ஏதுமில்லை. ஆயினும் அதை அந்த மேசையின் மேல் எடுத்துவைக்க நமக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாரும் கண்கலங்கி இசைந்திருப்பார்கள். அவரோ இரக்கத்தால் ஏற்றிச் செல்லப்பட்டவராய் ஆகியிருப்பார். அவர் சொல்ல விரும்பியிருந்தால் அவருக்கு வாய் இருந்தது. பிறர் துயரத்தை வாதமாக்கி வெல்லும் பழக்கம் மேய்ப்புப் பணியாளர்களாகிய நம்மிடையே சற்று மிகுதி என்பது நம் கருத்து.

ஆகவே வேறொன்றைக் கேட்டோம். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு சிறு வாசகத்தோடு முடிப்பது அவர்கள் வழக்கம். அன்றைய வாசகத்தைக் கொஞ்சம் முன்னதாகவே படித்துவிடலாமா என்றோம். தொடக்க நூல் 33ஆம் அதிகாரம். ஏசா நானூறு ஆட்களோடு வந்து, வா, சேர்ந்து போவோம் என்று தம்பியை அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால்கொடுப்பவை, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும், கால்நடைகளும் குழந்தைகளும் நடக்கும் நடைக்கேற்ப நான் மெல்ல வருகிறேன் என்கிறார். இருபது ஆண்டுகள் மாமனாரின் மந்தையை மேய்த்தவருக்கு இறைவன் கொடுத்த அறிவு அது. வாக்களித்தபடி அவர் சேயீருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது வேறு கதை. அதனோடு லூக்கா நற்செய்தியிலிருந்தும் ஒரு செய்தியைச் சொன்னோம்: கூட்டத்தோடு பயணம் செய்து, பிள்ளை கூட்டத்தில் எங்கோ வருகிறான் என்று எண்ணிக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் நடந்த பின்னரே இல்லை என்று அறிந்தவர்கள் திருக்குடும்பத்தார். மரியாவுக்கும் சூசைக்கும் நேர்ந்தது யாருக்கும் நேரலாம். விளக்கவுரை ஏதும் சொல்லவில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ரொட்டிக்கடை அம்மையார் வரைபடத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “கடைசி வண்டி என்னுடையது. எனக்கு முன்னால் போகிற எவரும் எனக்குப் பின்னால் விடுபடக் கூடாது. இந்த எட்டில் எதை எதை விடுவது என்று இப்போது சொல்லுங்கள்” என்றார்.

பொறியாளரைப் பாராட்ட வேண்டும். மனம் சுளிக்காமல் தாளைத் திருப்பி மறுபுறத்தில் புதிதாய் எழுதத் தொடங்கினார். பொறியியல் அறிவு என்பது எவ்வளவு உயர்ந்தது என்று அப்போது கண்டோம். மெதுவான வண்டியைக் கடைசியில் விட்டால் அது தனித்துப்போகும்; நடுவில் வைத்தால் முன்னது விலகும், பின்னது நெருக்கும். ஆகவே அதை இரண்டாவதாக வைத்தார். முதல் வண்டி தம்முடையது. கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்துக்கொண்டே அதன் நடைக்கு ஓட்டுவது தம் பொறுப்பு. பின்வருவோருக்கு வழிவிட அரை மணிக்கு ஒருமுறை ஏழு வண்டிகளும் ஓரம் ஒதுங்கும். அப்போது நிறுத்தத்தில் தலை எண்ணப்படும். சாலை பிரியும் இடங்களில் ஒவ்வொருவரும், தமக்குப் பின்னால் வருபவர் தம்மைக் கண்டுகொண்டார் என்று உறுதியான பின்னரே திரும்ப வேண்டும். யாரும் முன்னால் போகிறவரைத் துரத்த வேண்டியதில்லை. பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ஒரே விதியால் வரிசை அறுபடாது என்று படம் போட்டு விளக்கினார்.

எட்டு நான்காயிற்று. ஒபரால்ப், ஃபுர்க்கா, பெரிய புனித பெர்நார்து, திரும்பும் வழியில் சிம்ப்ளோன். ஸ்டெல்வியோவை அடித்தபோது பல் மருத்துவர் பெருமூச்சு விட்டார்.

2007ஆம் ஆண்டில், குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை சாலைப்பயணம் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வாகன ஓட்டிகளுக்கென்று பத்துக் கட்டளைகள் இருந்தன. திருப்பீடத்துக்கு வேறு வேலை இல்லையா என்று செய்தித்தாள்கள் சில நகைத்தன. கொலை செய்யாதே என்பது சீனாய் மலையில் ஐந்தாவது கட்டளை. இங்கே அதுவே முதலாவது. காரை அதிகாரத்தின் அடையாளமாக்காதே, சாலையில் வலிமை குன்றியவரைக் காத்துக்கொள் என்றும் அதில் உண்டு. அந்தப் பத்தையும் படித்தறியாத அம்மையார் ஒருவர் ஒன்பதாவதை மேசையில் நிறைவேற்றிவிட்டார்.

கூட்டம் கலையும் நேரத்தில் பெரியவர் கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டு நம் பக்கம் திரும்பினார். “தந்தையே, என் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது” என்றார். பொறியாளர் புன்னகையோடு தம் தாளில் நம் பெயரை முதல் வண்டியிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினார்.

ஞாயிறு திருப்பலிக்குப் பெரிய புனித பெர்நார்து கணவாயை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உரோமையர் காலத்தில் அங்கே யூப்பித்தர் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில், கணவாயின் தென்புறத்திலுள்ள அவோஸ்தா நகரின் தலைமைத் திருத்தொண்டராயிருந்த பெர்நார்து, பனியிலும் கள்வர் கையிலும் மாண்ட வழிப்போக்கர்களுக்காக அந்த உச்சியில் ஒரு விடுதியை எழுப்பினார். புனித அன்செல்ம் 1033இல் பிறந்ததும் அதே அவோஸ்தாவில்தான். ஒரே ஊர் ஒரே நூற்றாண்டில் ஒரு பேரறிஞரையும் ஒரு விடுதிக்காரரையும் திருச்சபைக்கு ஈந்தது. புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாய் அந்த விடுதியைக் காத்துவருகிறார்கள். சாலை பனியில் மறைந்துபோகும் மாதங்களிலும், பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்காக அது திறந்தே இருக்கும். 1800ஆம் ஆண்டு மே மாதத்தில் நெப்போலியன் தன் பெரும்படையோடு அவ்வழியே சென்றான். அதே ஆண்டில் அங்கே பிறந்த பாரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. காப்பாற்றப்பட்டவன் ஒருவனே அதைக் குத்திக் கொன்றான் என்பது கட்டுக்கதை. அது பேர்ன் நகரில் ஓய்வாய் வாழ்ந்து 1814இல் இறந்தது, அதன் உடல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ளது.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் இளங்குருவாய் இருந்தபோது சிறந்த மலையேற்ற வீரர்; 1889இல் மோந்தே ரோசா மலையின் மிகக் கடினமான கிழக்குச் சுவர் வழியே ஏறியவர். மலையேறுவது கண்மூடித்தனமன்று, விவேகமும் சற்றுத் துணிவும் சேர்ந்தது என்பது அவர் எண்ணம். அவரே 1923இல் புனித பெர்நார்தை மலையேறுவோரின் பாதுகாவலராய் அறிவித்தார். அந்தத் துறவியர் 1930களில் திபெத்து எல்லைக்கும் சென்றார்கள். அங்கொரு கணவாயிலும் இத்தகைய விடுதி எழுப்புவது அவர்கள் கருத்து. அவர்களுள் ஒருவரான மோரிஸ் தொர்னே 1949இல் மலைவழியில் கொல்லப்பட்டார். 2ஆம் அருள் சின்னப்பர் 1993இல் அவரை முத்திப்பேறு பெற்றவராய் உயர்த்தினார். கணவாயில் காத்திருந்து பிறரை வரவேற்பதற்கென்றே ஒரு துறவறம்! வேறெந்த மறைப்பணியையும்விட அது நம் மனத்துக்கு நெருக்கமாய் இருப்பதன் காரணத்தை நாம் ஆராய்ந்ததில்லை.

பயணத்தைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல ஒன்றுமில்லை. நன்கு திட்டமிட்ட பயணத்தில் கதை குறைவு. முதல் நாள் ரைன் ஆற்றின் பிறப்பிடத்துக்கு அருகிலுள்ள ஒபரால்ப் கணவாயைக் கடந்து ஆன்டர்மாட்டில் தங்கினோம். இரண்டாம் நாள் காலை ஃபுர்க்கா. முன்னால் பொறியாளரின் கார், துள்ளத் துடிக்கும் குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்துவதுபோல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. பெரியவர் கார்புரேட்டரை முந்தைய நாளே கடிகாரக்காரரின் கையால் சீர்செய்திருந்தார், வண்டி திணறவில்லை. உச்சியைத் தாண்டி இறங்கும் வழியில், 2015 முதல் மூடிக்கிடக்கும் பெல்வெதேர் விடுதிக்கு அருகே, ரோன் பனியாறு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கீழே பள்ளத்தாக்கின் தரைவரை வந்து கிடந்த பனியாறு, இப்போது பாறைக்கு மேலே எங்கோ ஒடுங்கிவிட்டது. அங்கிருந்த பனிக்குகை உருகாமலிருக்க வெள்ளைத் துணிகளால் போர்த்திவைத்திருந்தார்கள். நோயாளிக்குப் போர்த்தியதுபோல் இருந்தது. எரிபொருளை எரித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்த ஏழு வண்டிகளில் ஒன்றில் நாமும் இருந்தோம் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அதற்குச் சற்று முன்னதாகவே, எந்தப் பலகையும் இல்லாத ஓரிடத்தில், சாலையோரத்துப் புல்திட்டில் பெரியவர் வண்டியை நிறுத்தினார். திட்டத்தில் இல்லாத நிறுத்தம். முன்னால் சென்ற பொறியாளர் கண்ணாடியில் கண்டு, அடுத்த ஒதுக்கிடத்தில் நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய் ஒதுங்கினார்கள். “தந்தையே, சற்று இறங்கி நிற்க முடியுமா?” என்று கேட்டார் பெரியவர். இறங்கிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, இருபது அடி தள்ளிப்போய் நின்றோம். பக்கத்து இருக்கை வெறுமையாய் இருக்க, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பத்து நிமிடங்கள் இருக்கும். எவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. எவரும் வந்து என்னவென்று கேட்கவில்லை. அம்மையார் மட்டும் தம் வண்டியில் இருந்தபடியே, பின்னால் ஏறிவந்த சைக்கிள்காரர்களுக்குக் கைகாட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். ஏறிக்கொண்டோம். ஓபர்வால்டில் அந்தச் சுரங்க ரயில் நிலையத்தைக் கடந்தபோது அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை விடுதியில் எண்ணிக்கை சரியாயிருந்தது: வண்டி ஏழு, ஆள் பதின்மூன்று. துறவியர் பெரிய கிண்ணத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டியை அம்மையார் முகர்ந்துபார்த்துத் திருப்தியாய்த் தலையாட்டினார். மறுநாள் காலை நிலத்தடிச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். முடிந்து வெளியே வந்தபோது கணவாய் முழுதும் மூடுபனி. ஏரியும் தெரியவில்லை, இத்தாலியும் தெரியவில்லை. பொறியாளர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துவிட்டு, பெரியவரிடம் சென்று, எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று கேட்டார்.

“காப்பி குடித்துவிட்டுப் பார்ப்போம்” என்றார் பெரியவர்.